நெட்ரன்னர் உள்ளே போனால் மற்ற மூவர் என்ன செய்வது?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிறுதோறும் நண்பர்கள் நால்வருக்கு ‘சைபர்பங்க் ரெட்’ என்ற, பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம் நடத்துகிறேன். நெட்ரன்னராக, அதாவது கணினிக்குள் ஊடுருவும் ஹேக்கராக ஆடுபவர் மெய்நிகர் வெளிக்குள் நுழைந்துவிட்டால், அரை மணி நேரம் நானும் அவரும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். மற்ற மூவரும் தட்டுவடை செட் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இது இந்த வகை ஆட்டத்தின் பழைய வியாதி. 1990இல் வந்த ‘சைபர்பங்க் 2020’இல் கணினிக் கோட்டையைக் கட்டம்போட்ட தாளில் வரைந்து, அதற்குள் ஒருவர் மட்டும் தனியே ஆடிக்கொண்டிருப்பார். 2020இல் வந்த ‘ரெட்’ இதற்கு விதியிலேயே மருந்து வைத்திருக்கிறது: இணைப்புப் புள்ளியிலிருந்து 6 மீட்டருக்குள் நின்றால்தான் நெட்ரன்னரால் உள்ளே நுழைய முடியும். உங்கள் நண்பர் தெருமுனை வேனில் உட்கார்ந்தபடி வேலையை முடிக்கிறார் என்றால், முதலில் அதை நிறுத்துங்கள்.

அடுத்தது, யார் முறை என்பது. இன்டர்ஃபேஸ் (நெட்ரன்னரின் ஊடுருவும் திறன்) தரம் 4 உள்ளவருக்கு ஒரு சுற்றில் மூன்று நெட் செயல்கள், அதாவது மெய்நிகர் வெளிக்குள் செய்யும் செயல்கள், உண்டு. மூன்றும் முடிந்ததும், அவர் கதவின் பாதியில் நின்றாலும் சரி, பகடை அடுத்தவர் கைக்குப் போய்விட வேண்டும். “இன்னும் ஒரே ஒரு தளம்” என்று அவர் கெஞ்சுவார். அங்கே நீங்கள் இளகினால் தட்டுவடைக் கடைக்குத்தான் வியாபாரம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏற்காட்டில் ஒரு நிறுவனத்தின் காபி எஸ்டேட் பங்களா. சர்வர் இருப்பது காபிப் பழம் அரைக்கும் கொட்டகையில். ‘ரெட்’டின் நெட் அமைப்பு தளம் தளமாக இறங்குவது என்பதால், உள்ளே தெரியும் காட்சியை மலைப்பாதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தளம் ஒரு கொண்டை ஊசி வளைவு. நிஜப் பாதையில் 20 வளைவுகள் உண்டு, உங்களுக்கு ஆறு போதும். முதல் வளைவின் சோதனைச் சாவடி கடவுச்சொல். மூன்றாவதில் பனிக்குள் அசையாமல் நிற்கும் காட்டெருமைதான் பிளாக் ஐஸ், அதாவது நுழைபவரைத் தாக்கும் காவல் நிரல். வருணனை இரண்டு வாக்கியங்களைத் தாண்ட வேண்டாம்.

இதில் முக்கியமானது வெளியே உள்ள கருவிகளை இயக்கும் கட்டுப்பாட்டுத் தளங்களை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான். நான்காவது வளைவைப் பிடித்தால் காபி உலர்த்தும் களத்தின் விளக்குகள் அணைகின்றன, அங்கே சிமென்ட் தரையில் மறைவின்றிப் படுத்திருக்கும் இருவரும் தப்பி ஓடலாம். ஐந்தாவதைப் பிடித்தால் அரைவை இயந்திரம் தானாக ஓடத் தொடங்க, அந்தச் சத்தத்தில் மூன்றாமவர் பூட்டை உடைக்கலாம். வெளியே ஒருவருடைய நிலைமையையும் மாற்றாத கட்டுப்பாட்டுத் தளத்தை நான் வரைபடத்திலிருந்தே அடித்துவிடுவேன். கோப்புத் தளம் ஒன்று, கடைசியில் இருந்தால் போதும்.

உடலையும் மறக்காதீர்கள். இதே வகையைச் சேர்ந்த ‘ஷேடோரன்’ ஆட்டத்தில் மெய்நிகர் வெளிக்குள் முழுதாக இறங்குபவரின் உடல் துவண்டு கிடக்கும். ‘ரெட்’டில் விர்ச்சுவாலிட்டி கண்ணாடி அணிந்தவருக்கு இரு உலகமும் ஒருசேரத் தெரிவதால், நெட் செயல்கள் செய்யும் சுற்றிலும் அவர் நகரலாம். ஆனால் காவலர்கள் கொட்டகைக்குள் புகும்போது நண்பர்கள் பதறி அவரை 6 மீட்டருக்கு அப்பால் இழுத்துவிட்டால், அது பாதுகாப்பற்ற துண்டிப்பு: அவர் சந்தித்தும் அழிக்காமல் விட்ட பிளாக் ஐஸ் அத்தனையின் தாக்குதலும் அவர்மேல் விழும். இழுப்பதா, இன்னும் ஒரு சுற்று காவலர்களைத் தடுத்து நிற்பதா என்ற முடிவை அந்த மூவரிடமே விடுங்கள்.