வார்டில் இருக்கும் அப்பா சிகரெட் கேட்கிறார், எப்படி நிறுத்த வைப்பது?

11 வருடமாக வார்டு நர்ஸ் நான். மூச்சுத்திணறலுக்குச் சேர்த்த அப்பா, மூன்றாம் நாளே சிகரெட் கேட்டு எரிந்து விழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் கட்டில் பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டிருப்பீர்கள். தப்பாக நினைக்க வேண்டாம், நானும் அதைத்தான் செய்தேன்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர், நுரையீரல் அடைப்பு நோய். ராத்திரி 2 மணிக்குப் போய்ப் பார்த்தால் கட்டில் காலி. ஆக்சிஜன் குழாய் தலையணை மேல் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவறைக் கதவிடுக்கில் புகை. ஆக்சிஜன் ஏறிய சட்டையோடு தீக்குச்சி கிழித்திருக்கிறார் மனுஷன்! "உசிரோட விளையாடுறீங்களா?" என்று வார்டே எழுந்திருக்கிற மாதிரி கத்தினேன். "முடியல சிஸ்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளும் போனார்.

என் சீனியர் கத்தவில்லை. ஒரே கேள்விதான். "கண்ணு முழிச்சு எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?"

"பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே."

அரை மணி நேரத்துக்குள் என்றால் உடம்பு நிகோடினிடம் நன்றாக மாட்டியிருக்கிறது. நிறுத்திய முதல் 2, 3 நாள்தான் உச்சம். அந்த எரிச்சலைத்தான் நான் திமிர் என்று நினைத்திருந்தேன். டாக்டர் தோலில் ஒட்டும் 21 மில்லிகிராம் நிகோடின் பேட்ச், கூடவே மெல்லும் 4 மில்லிகிராம் நிகோடின் கம் எழுதினார். கம்மை அந்தப் பெரியவர் மிட்டாய் மாதிரி மென்று தள்ளி, விக்கலெடுத்து அவதிப்பட்டார். நாலு கடி கடித்து, சுர்ரென்றதும் கன்னத்தில் ஒதுக்கணும். அடங்கியதும் மறுபடி கடிக்கணும். யாரும் சொல்லித் தருவதில்லை.

"நிகோடினுக்கு நிகோடினேவா?" என்று இங்கே சண்டைக்கு வருவார்கள். நுரையீரலைக் கெடுப்பது புகை. தாரும் கார்பன் மோனாக்சைடும் பேட்சில் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மன உறுதியாலேயே விட்டவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீங்களாக வாங்கி ஒட்டாதீர்கள், டாக்டர் சொல்லட்டும். மூச்சுக்குழாயை விரிக்கிற தியோஃபிலின் மாதிரி சில மருந்துகளுக்குப் புகையை நிறுத்தியதும் அளவைக் குறைக்க வேண்டிவரும்.

அப்புறம் டிஸ்சார்ஜ் சீட்டு. "புகைப்பதைத் தவிர்க்கவும்" என்று கடைசியில் ஒரு வரி, முடிந்தது கதை. வீட்டுக்குப் போன பிறகும் ஒரு மாதமாவது யாராவது தொடர்ந்து பேசிக் கூடவே வந்தால் இந்தப் பழக்கம் நிற்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஆள் போடமாட்டார்கள். டியூட்டி முடிந்து என் சொந்த போனில் அவரைக் கூப்பிட்டேன். (நைட் டியூட்டியில் உட்கார இருந்த ஒரே நாற்காலியையும் ஆபீசுக்குத் தூக்கிப்போன நிர்வாகம் இது, விடுங்கள்.) மூன்றாவது வாரம், "ரெண்டு புடிச்சிட்டேன் சிஸ்டர்" என்றார். "சரி, நாளைக்குக் கூப்பிடுறேன்" என்று மட்டும் சொன்னேன். கூப்பிட்டேன்.

உங்கள் அப்பாவை நீங்கள்தான் கூப்பிட வேண்டியிருக்கும். "புடிச்சீங்களா?" என்று கேட்காதீர்கள், பொய் சொல்லிவிடுவார். "இன்னைக்கு எந்த நேரம் ரொம்பத் தோணுச்சுப்பா?" என்று கேளுங்கள்.