இழுக்கப் போகிறீர்களா, தாவப் போகிறீர்களா?

கேள்வி: பிக்கப் வாங்கப் போகிறேன். ஒரே மாடலில் மூன்று வேரியன்ட் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது சாதாரண வேலை வண்டி. நடுவில் உள்ளதில் பின் டிஃப் லாக் (இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பூட்டு), அடித்தகடு, ஆல்-டெரெய்ன் டயர் எல்லாம் உண்டு. மேலே இருப்பது அகலமான உடம்பும் பெரிய ஷாக் அப்சார்பருமாகப் பாலைவனப் பந்தய வண்டி மாதிரி நிற்கிறது. எங்கள் கேம்பர் டிரெய்லர் சாமான் ஏற்றிய பிறகு 2,400 கிலோ வரும். வீட்டில் நான்கு பெரியவர்கள். நாங்கள் போகும் இடங்களில் கடைசித் தூரம் முழுக்கச் சரளையும், அலை அலையாகக் கிடக்கும் மண் பாதையும்தான். விற்பனையாளரும் என் மகனும் மேல் வேரியன்ட் என்றே நிற்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: நடுவில் இருப்பதை எடுங்கள். மகனுக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கும். அந்த வண்டியைப் பார்த்தால் எனக்கும் ஆசை வரும், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

விலையில் மேலே இருப்பது எல்லாவற்றிலும் மேல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிக்கப்பில் அது பொய். அமெரிக்காவுக்கு வெளியே விற்கும் ஃபோர்டு ரேஞ்சரைப் பாருங்கள். சாதாரண டபுள் கேப் ரேஞ்சர் 3,500 கிலோ வரை இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே விற்கும் ரேஞ்சர் ராப்டர் 2,500 கிலோதான். அதிகப் பணம் கொடுத்து ஆயிரம் கிலோ இழுவையை இழக்கிறீர்கள். பெரிய வண்டியிலும் இதே கதை. 2021-ல் வந்த ஃபோர்டு எஃப்-150 வரிசையில் நடுவில் நிற்கும் ஆஃப்-ரோடு வேரியன்ட்டான ட்ரெமர் 10,900 பவுண்டு வரை இழுத்தது, அதாவது ஏறத்தாழ 4,940 கிலோ. அதன் அண்ணன் ராப்டருக்கு எல்லை 8,200 பவுண்டு, 3,720 கிலோ.

ராப்டரின் எஞ்சினுக்குப் பலம் குறைவில்லை. விஷயம் ஸ்பிரிங்கில் இருக்கிறது. சாதாரண ரேஞ்சரில் பின்னால் லீஃப் பட்டை. ராப்டரில் சுருள் (காயில்) ஸ்பிரிங். மேட்டிலிருந்து வேகமாக இறங்கும்போது சக்கரம் நீளமாகத் தொங்கி, மறுபடி மெதுவாக உள்ளே போக வேண்டும் என்று அதை இளக்கமாக அமைத்திருக்கிறார்கள். அந்த இளக்கத்தின் மேல் டிரெய்லர் கொக்கியின் எடையை வைத்தால் பின்பக்கம் உட்காரும், முன்பக்கம் தூக்கும், ஸ்டீரிங் லேசாகும். பெரிய லாரி எதிரே கடக்கும்போது அது உங்கள் கையில் தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுவை எண். உங்களை மாட்டிவிடுவது பேலோடு எண், அதாவது வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடை. டிரெய்லரின் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை வண்டியின் கொக்கியில் இறங்கும். அந்த எடை பேலோடில் சேரும். உங்கள் 2,400 கிலோவுக்குக் குறைந்தது 240 கிலோ. நான்கு பெரியவர்கள் 280 கிலோ என்று வையுங்கள். ஃப்ரிட்ஜ், கருவிப் பெட்டி, கூடுதல் டயர், தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்து 100 கிலோ. மொத்தம் 620.

இதை ராம் 1500 டிஆர்எக்ஸில் போட்டுப் பாருங்கள். 2021 மாடலாக வந்தபோது 702 குதிரைசக்தி கொண்ட அமெரிக்கப் பாலைவன மிருகம் அது. 8,100 பவுண்டு இழுக்கலாம் என்று எழுதியிருந்தது. கிலோவில் 3,670. உங்கள் டிரெய்லர் அதற்குத் தூசு என்று தோன்றும். ஆனால் அதன் அதிகபட்சப் பேலோடு 1,310 பவுண்டாக இருந்தது, அதாவது 594 கிலோ. உங்கள் 620 கிலோவுக்கு அது போதாது. இழுவையில் ஆயிரத்துச் சொச்சம் கிலோ மிச்சம் இருக்கும்போதே வண்டி நிரம்பிவிட்டது.

நீங்கள் பார்த்திருக்கும் மூன்று வண்டிக்கும் இதே கணக்கைப் போடுங்கள். பிரசுரத்தில் இருக்கும் எண்ணை நம்பிப் போடாதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். நீங்கள் வாங்கப் போகும் அந்த ஒரு வண்டிக்கான எண் அதில்தான் இருக்கிறது. சில நாடுகளில் பேலோடு நேராகவே எழுதியிருக்கும். மற்ற இடங்களில் மொத்த எடை மட்டும் இருக்கும், அதிலிருந்து வண்டியின் காலி எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். சன்ரூஃப், மின்சாரப் படிக்கட்டு, முன்பக்க வின்ச் என்று எதை ஏற்றினாலும் அது பேலோடைத் தின்னும். மூன்று தகட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

அப்புறம் உங்கள் 2,400 கிலோ. யார் சொன்ன எண்? டிரெய்லர் செய்தவர் சொன்னதா, எடை மேடையில் ஏற்றிப் பார்த்ததா? தண்ணீர்த் தொட்டியில் 100 லிட்டர் நிரப்பினால் 100 கிலோ. ராப்டர் மாதிரி 2,500 எல்லை உள்ள வண்டிக்கு அங்கேயே கதை முடிந்தது.

சரி, கரடுமுரடான பாதை? அங்கேதான் மேல் வேரியன்ட் தேவை என்பார்கள். அலைப் பாதையில் பெரிய ஷாக்கின் பலன் உண்மையானது. சக்கரம் இடைவிடாமல் மேலும் கீழும் ஆடும்போது ஷாக்குக்குள் எண்ணெய் சூடேறும், நுரைக்கும், பிடிப்பை விடும். தனி எண்ணெய்க் குடுவை வைத்த பெரிய ஷாக் அந்தச் சூட்டை நீண்ட நேரம் தாங்கும். ஆனால் அந்த அமைப்பு முழுக்க வேகத்துக்காகச் செய்தது. உங்கள் பின்னால் வரும் டிரெய்லருக்கு அப்படி ஒரு சஸ்பென்ஷன் கிடையாது. வண்டி எண்பதில் மிதக்கும். டிரெய்லர் அந்த வேகத்தில் குதிக்கும், அலமாரிக் கதவு திறக்கும், ரிவெட் கழலும், வீல் பேரிங் சூடாகும். கடைசியில் டிரெய்லர் தாங்கும் வேகத்தில்தான் நீங்கள் போவீர்கள். அந்த வேகத்துக்கு நடு வேரியன்ட்டின் ஷாக் போதும். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை டிரெய்லரின் ஷாக்குக்கும், எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய ஆஃப்-ரோடு கப்ளிங்குக்கும் செலவிடுங்கள். சாதாரண பால் கொக்கி, குழியும் மேடும் உள்ள இடத்தில் ஓர் அளவுக்கு மேல் சாயாது.

வேலை வண்டியையே ஏன் எடுக்கச் சொல்லவில்லை என்றால், டிஃப் லாக்குக்காக. டிரெய்லரோடு மண் ஏற்றத்தில் நின்றுவிட்டால் ஒரு பின்சக்கரம் சும்மா சுற்றும், மற்றது அசையாது. லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து தள்ளும். மேட்டில் டிரெய்லர் பின்னுக்கு இழுக்கும்போது முன் ஆக்ஸிலின் எடை ஏற்கெனவே குறைந்திருக்கும், பின்சக்கரங்கள்தான் முக்கால் வேலை செய்யும். ஆகவே பின் லாக் இருந்தால் போதும், முன் லாக் உங்களுக்கு அலங்காரம். கெட்டித் தரைக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். அடித்தகடும் வீண் செலவில்லை.

டயர் விஷயத்தில் இரண்டு பார்க்க வேண்டும். முதலாவது, பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் சுமைக் குறியீடு. 285/70ஆர்17 என்ற ஒரே அளவில் 116 என்று போட்ட டயரும் உண்டு, 121 என்று போட்டதும் உண்டு. முதலாவது தாங்குவது 1,250 கிலோ, இரண்டாவது 1,450. ஆஃப்-ரோடு வேரியன்ட்களில் ஓட்டம் மென்மையாக இருக்கட்டும் என்று குறைந்த சுமை டயரைப் போட்டு அனுப்புவது உண்டு. இரண்டாவது, விட்டம். 32 அங்குலத்துக்குப் பதிலாக 35 அங்குல டயர் போட்டால் 3.73 ஆக்ஸில் விகிதம் (ஆக்ஸிலில் உள்ள கியர் விகிதம்) 3.41 மாதிரி நடந்துகொள்ளும், அதாவது சக்கரத்தின் இழுவிசை குறையும். ஏற்றத்தில் கியர்பாக்ஸ் மாறி மாறித் தேடிக்கொண்டே இருக்கும், எண்ணெய் சூடாகும். நீங்கள் பெரிய டயருக்கு மாறவே வேண்டாம்.

சரளையில் காற்றைக் குறைத்து ஓட்டுவது நல்ல பழக்கம். டிரெய்லர் மாட்டியிருக்கும்போது பின்டயரில் அளவோடு குறைக்கவும், வேகத்தையும் குறைக்கவும். தார் சாலை வந்ததும் மறுபடி நிரப்ப ஒரு கம்ப்ரஸர் கையில் இருக்கட்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் (டிரெய்லரின் பிரேக்கை வண்டியிலிருந்து இயக்கும் கருவி) நடு வேரியன்ட்டில் கூடவே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா? அது இல்லாமல் 2,400 கிலோவை இறக்கத்தில் இறக்காதீர்கள்.

மேல் வேரியன்ட் யாருக்கு என்று கேட்டால், பெரும்பாலும் டிரெய்லர் இல்லாமல் மணலிலும் மண்ணிலும் விரட்டி ஓட்டுகிறவருக்கு. எப்போதாவது ஒரு சின்னப் படகை இழுப்பார், அவ்வளவுதான். அவருக்கு அது சரியான வண்டி.

கேள்வி: வேலை வண்டியை வாங்கி, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டும், பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக்கும் (காற்று ஊதும் பை) போட்டால் நடு வேரியன்ட் ஆகிவிடாதா? பணமும் மிச்சமாகும் என்கிறார் நண்பர்.

பதில்: உயரம் கிடைக்கும். பேலோடு ஒரு கிலோகூட அதிகமாகாது, கதவுத் தகட்டில் இருக்கும் எண் அப்படியேதான் இருக்கும். பின் டிஃப்ரன்ஷியல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை டயர்தான் தீர்மானிக்கிறது, லிஃப்ட் கிட் அதை மாற்றாது. வண்டியின் எடை மையம் மேலேறும், கொக்கியும் மேலேறும், டிரெய்லர் மட்டமாக நிற்க இன்னொரு அடாப்டர் வாங்குவீர்கள்.

ஏர் பேக் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. லீஃப் பட்டை தன் இரு முனைகளிலும் சுமையைச் சேஸிஸுக்குக் கொடுக்கிறது. நடுவில் பையை வைத்து ஊதினால் சுமையில் பெரும்பங்கு அந்த ஒரு புள்ளியில் இறங்கும். பின்னால் கனமான கொக்கி எடை, கீழே குழிப் பாதை, நடுவில் இறுக ஊதிய பை. டபுள் கேப் பிக்கப்களில் சேஸிஸ் கேபினுக்குப் பின்னால் வளைந்துபோவதற்கு இந்தச் சேர்க்கை ஒரு முக்கியக் காரணம். வண்டி தொங்கினால் சாமானைக் குறையுங்கள், அல்லது சுமைக்கேற்ற பட்டையே போடுங்கள். டிஃப் லாக் இல்லாத வண்டியில் வெளியே வாங்கிப் பொருத்தலாம், ஆனால் கூலியும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் நண்பர் சொன்ன மிச்சம் பெரிதாக இருக்காது.

கேள்வி: மணல், சேறு, பாறை என்று ஏழெட்டு டிரைவ் மோடு இருக்கிறதே, அதற்காக மேலே போகலாமா?

பதில்: வேண்டாம். ஃபோர் லோவும் (நான்கு சக்கரமும் தாழ்ந்த கியரில் இழுப்பது) பின் லாக்கும் இருந்தால் வேலை நடக்கும். டிரெய்லர் இழுக்கிறவருக்கு உதவும் மோடு ஒன்றுதான், டோ மோடு. கியரை அடிக்கடி மாற்றாமல் பிடித்து வைக்கும், இறக்கத்தில் எஞ்சினாலேயே வேகத்தை அடக்கும். அது பெரும்பாலும் கீழ் வேரியன்ட்டிலேயே இருக்கும்.

கேள்வி: நடு வேரியன்ட் புதிது விலைக்கே மேல் வேரியன்ட் பழையது கிடைக்கிறது. டிரெய்லர் இல்லை, சும்மா மண் பாதை ஓட்டம்தான். எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் கீழே படுத்துப் பார்த்துவிட்டு. ஷாக்கின் தண்டில் எண்ணெய்க் கசிவு, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்கியிருப்பது, அடித்தகட்டில் ஆழமான கீறல், சேஸிஸ் ஓரத்தில் பெயின்ட் விரிசல் இவை எல்லாம் வண்டி பறந்து விழுந்ததற்கு அடையாளம். அந்த ஷாக்குகளில் பலவற்றைக் கழற்றி எண்ணெயும் சீலும் மாற்றலாம். ஆனால் நான்குக்கும் செலவு வரும். அதை முதலில் விசாரித்து வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கீறலே இல்லாமல் அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் பேசவே வேண்டாம், அடுத்த வண்டியைப் பாருங்கள்.