கட்டம் போட்ட கேக்குக்குத் தனி டின் தேவையா?

கேள்வி: மே மாதம் என் மகளின் பிறந்தநாள். வெட்டினால் உள்ளே சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள் தெரியும் கேக் செய்ய ஆசை. வளையத் தடுப்புடன் மூன்று டின் கொண்ட செட் விற்கிறார்களே, வாங்கலாமா? போன முறை தோழியின் செட்டை வாங்கிச் செய்தபோது இரண்டு நிறமும் கலந்துவிட்டன. கேக்கைக் குடியாத்தத்தில் அண்ணன் வீட்டுக்கும் எடுத்துச் செல்ல வேண்டும்.
– வாசகி, காட்பாடி

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள், எல்லா கேக்குக்கும் உதவும்.

டின்னுக்குள் வைத்து இரண்டு நிற மாவையும் தனித்தனியே ஊற்ற உதவும் வளையத் தடுப்பு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தூக்கும் நேரத்தில் மாவு தளர்வாக இருந்தால் நிறங்கள் ஒன்றோடொன்று ஓடிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்று வளையங்களும் ஒரே அகலம் என்றாலும் வெளிவளையம், நடுவளையம், மையம் பிடிக்கும் மாவு 5:3:1 என்ற கணக்கில் இருக்கும். கண்ணளவில் ஊற்றினால் ஒரு வளையம் வழியும், இன்னொன்று பள்ளமாகும்.

சுட்ட பிறகு வெட்டி மாற்றிப் பொருத்துவதுதான் வீட்டுக்கு ஏற்ற வழி. 15 செ.மீ. விட்டமும் 7 செ.மீ.க்குக் குறையாத உயரமும் உள்ள இரண்டு வட்ட டின்கள் போதும். 10 செ.மீ., 5 செ.மீ. விட்டத்தில் இரண்டு வட்ட அச்சுகள் வேண்டும். இதற்கெல்லாம் பேக்கரி சாமான் கடை தேட வேண்டாம். வேலூர் லாங் பஜார் பக்கம் பாத்திரக் கடைக்கு அளவுகோலோடு போய், டப்பா மூடியையும் சின்ன டம்ளரையும் அளந்து பார்த்து எடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை. இந்த அளவில் ஒவ்வொரு வளையமும் 2.5 செ.மீ. அகலம் வரும். அடுக்கின் உயரமும் அதே 2.5 செ.மீ. இருந்தால்தான் கட்டம் சதுரமாகத் தெரியும்.

உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், பொடித்த சர்க்கரை 225 கிராம் இரண்டையும் வெளுக்கும்வரை அடித்து, 4 முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கலவையை எடை போட்டுச் சரிபாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் 110 கிராம் மைதா, வெனிலா எசென்ஸ். மறுபாதியில் 85 கிராம் மைதா, 25 கிராம் கோகோ, இரண்டு மேசைக்கரண்டி பால். கோகோ ஈரத்தை உறிஞ்சும் என்பதால்தான் அந்தப் பால். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். ஒரே கலவையிலிருந்து இரண்டும் பிறப்பதால் மிருதுத்தன்மை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், வெட்டும்போது ஒன்று உதிர்ந்து ஒன்று நிற்காது.

டின்னின் வெளிப்பக்கம் ஈரத்துணிப் பட்டை சுற்றி 160 டிகிரியில் சுடுங்கள். ஓரம் சீக்கிரம் இறுகாமல் இருப்பதால் நடுவில் மேடு குறையும். சுமார் 45 நிமிடத்தில் குச்சி விட்டுப் பாருங்கள். ஓ.டி.ஜி.யில் (வீட்டு மின் அவனில்) இரண்டு டின்னுக்கு இடமில்லையென்றால் மாவை இரண்டு தடவையாகக் கலந்துகொள்ளுங்கள், பேக்கிங் பவுடர் போட்ட மாவைக் காக்க வைக்காதீர்கள்.

இனிதான் பொறுமை. ஆறிய கேக்கைக் கிளிங் ஃபிலிமில் சுற்றி ஓர் இரவு ஃபிரிஜில் வையுங்கள். வெண்ணெய் இறுகிய கேக்தான் சுத்தமாக வெட்டுப்படும். இதைத் தாண்டிப்போகிறவர்கள்தான் பிறகு பிசிறு, பிளவு என்று எனக்கு எழுதுகிறார்கள். மறுநாள் ரம்பக் கத்தியால் மேட்டைச் சீவி, ஒவ்வொரு கேக்கையும் குறுக்கே இரண்டாக்குங்கள். பக்கவாட்டில் ஒரே உயரத்தில் பல்குச்சிகளைக் குத்தி வைத்தால் கத்தி வழி தவறாது. நான்கு வட்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் பெரிய மூடியை முதலில் வைத்து, கத்தி முனையைச் செங்குத்தாகப் பிடித்து ஓரமாகவே ஓட்டுங்கள். பிறகு டம்ளர். நடுவளையங்களை மட்டும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடம் மாற்றினால் போதும். ஒரு துண்டும் வீணாகாது.

வளையங்களுக்கு இடையே வடிகட்டிய ஜாமை மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள். அடுக்குகளுக்கு இடையிலும் அப்படியே. கிரீமைத் தடிமனாக வைத்தால் கட்டங்களுக்கு நடுவே கோடு விழும். அடுக்கும்போது நிறம் மாறி மாறி வரட்டும்.

வெளிப்பூச்சுக்குப் பட்டர் கிரீமை மறந்துவிடுங்கள். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும், கத்திரி வெயிலில் வேலூர் 40ஐத் தாண்டும். டார்க் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு எடையில் சேர்த்த கனாஷ் தாக்குப்பிடிக்கும். டெட்ரா பாக்கெட்டில் வரும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் அடித்தால் எழும்பாது, ஆனால் கனாஷுக்கு அதுவே போதும். குடியாத்தத்துக்குக் காலையிலேயே கிளம்புங்கள். குளிரவைத்த கேக்கை உயரமான பெட்டியில் வைத்து, ஏ.சி. காரில், மடியில் அல்ல, கால் வைக்கும் சமதளத்தில் வையுங்கள். பரிமாற அரை மணிக்கு முன் வெளியே எடுத்தால் மிருதுவாகும்.

வெட்டுவது யார் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கத்தி மையத்தின் வழியே போனால் மட்டுமே கட்டம் சதுரமாக வரும். யாராவது ஓரத்திலிருந்து பட்டை பட்டையாக வெட்டினால் வளையங்கள் நீண்டு, உங்கள் உழைப்பு வெறும் கோடாகத் தெரியும்.