சிரிப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குச் சாயம் பூச வந்திருக்கும் தம்பிக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். கைநிறையச் சம்பாதிக்கும் என் மகனோ சிடுசிடுவென்றே இருக்கிறான். போதுமென்ற மனம் இந்தத் தம்பிகளிடம்தான் இருக்கிறதோ? மனநிறைவு என்பதுதான் என்ன?
– வாசகி, தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: அம்மா, உங்கள் மகனை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தச் சிரிப்பு. கடல் கடந்து வந்த இடத்தில் தாய் வயதில் ஒருவர் தமிழில் நலம் விசாரித்தால் யார்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்? அவர் சிரிப்பது உங்களுக்குத் தரும் மரியாதை. அதைப் பார்த்து, ‘இருப்பதே போதுமென்று இருக்கிறார்கள்’ என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இந்தப் பேச்சோடு இதே பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இன்றும் போடுகிறேன்.

ஒரு நாள் நண்பகலில் அவருடைய சோற்றுப் பொட்டலத்தைப் பாருங்கள். பெரும்பாலும் விடிவதற்கு முன்பே கட்டிய சோறாக இருக்கும். பையைப் பிரிக்கும்போது சோறு விறைத்திருக்கும், குழம்பில் புளித்த வாடை அடிக்கும். காலையில் அவரைப் போன்றவர்கள் வந்து இறங்குவது லாரியின் பின்பக்கத்திலிருந்து. சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவது இங்கே சட்டப்படி கூடாது. வேலைக்குப் போகும் ஊழியர்கள் என்றால் விலக்கு உண்டு. உங்கள் மகன் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்தாலும் இருக்கை வார் போட வேண்டும். இவருக்கு இருக்கையே கிடையாது. லாரியிலிருந்து இறக்கி இவர்களைப் பேருந்தில் ஏற்றும்வரை நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

அப்புறம் கடன். இங்குள்ள வேலை முகவர் ஊழியரிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. ஊரில் இருக்கும் முகவர் பணம் கேட்டு நீட்டும் கையை இந்தச் சட்டம் எட்டாது. வீட்டு நகையை அடகு வைத்துவிட்டு விமானம் ஏறியவர்கள் எத்தனையோ பேர். அது மீளும்வரை அவர்கள் எங்கே ‘போதும்’ என்பது?

நிறைவு என்ன என்று கேட்டீர்கள். கடன் அடைந்து, நகை வீடு திரும்பி, ‘இன்னும் இரண்டு வருடம் இருக்கலாமா, ஊருக்கே போய்விடலாமா’ என்று அவரே முடிவு செய்ய முடிகிற நாளில் சிரிக்கட்டும். அதை நிறைவென்று ஒப்புக்கொள்கிறேன்.

மகன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. தம்பியோடு ஒப்பிடாமல் என்ன சிரமம் என்று அவனிடமே கேளுங்கள். தம்பியிடமும் ஒன்று கேளுங்கள்: சம்பளம் மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா? இல்லையென்றால் மனிதவள அமைச்சிடம் புகார் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். விவரங்களை நிரப்பக் கூடவே உட்கார்ந்து உதவுங்கள்.