சாகுபடிப் பட்டை தெரிந்தும் நெல்மணி உதிர்வது ஏன்?

காட்டு நெல்லைச் சாகுபடி ரகத்தோடு கலந்து, மீண்டும் சாகுபடி ரகத்தோடே பின்கலப்புச் செய்த செடிகளில், மணி உதிர்வைக் கட்டுப்படுத்தும் எஸ்எச்4 மரபணுவுக்கான மார்க்கர் (டிஎன்ஏ அடையாளச் சோதனை) சாகுபடி அல்லீலை (சாகுபடி நெல்லுக்குரிய மரபணு வடிவத்தை) காட்டியும் மணி உதிர்கிறதென்றால், அவற்றில் காட்டு அல்லீலும் ஒரு பிரதி இருக்கிறது என்பதே என் முதல் ஐயம். உதிர்தல் ஓங்கு பண்பு. மணிக்கும் காம்புக்கும் இடையே பிரிபடலம் உருவாக அந்த ஒரு பிரதியே போதும். உங்கள் மார்க்கர் சாகுபடி அல்லீலுக்கு மட்டுமே பட்டை (டிஎன்ஏவைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தெரியும் கோடு) தருவதாயின், சாகுபடி ரகத்தோடு பின்கலப்புச் செய்த எல்லாச் செடிகளும் அந்தப் பட்டையைக் காட்டியே தீரும். அதாவது, உண்மையில் தேர்வே நடந்திருக்காது.

இரு பெற்றோரையும், முதல் தலைமுறைக் கலப்பினத்தையும், உதிரும் செடிகளையும் ஒரே ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். கலப்பினமும் சாகுபடிப் பெற்றோரும் ஒன்றுபோலத் தெரிந்தால் மார்க்கரை மாற்றியாக வேண்டும். மரபணுவுக்கு அருகில் அமைந்த மார்க்கர் மறுசேர்க்கையால் (குரோமோசோம் துண்டுகள் இடம் மாறுவதால்) அதிலிருந்து பிரிந்துவிடக்கூடும் என்பதால், புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அஸ்பராஜினைத் தரும் அந்த ஒற்றை எழுத்து மாற்றத்தின் மீதே அமைந்து, இரு அல்லீல்களையும் தனித்தனியே காட்டும் மார்க்கரைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் எஸ்எச்4 மட்டும் உதிர்வை முழுதும் நிறுத்திவிடாது. களை நெல்லில் பல, சாகுபடி அல்லீலைக் கொண்டிருந்தும் உதிர்கின்றன. முதல் குரோமோசோமில் உதிர்வோடு தொடர்புடைய கியூஎஸ்எச்1 என்ற மரபணு இடத்தையும் பார்க்கலாம், எனினும் அதன் உதிராத வடிவம் ஜப்பானிகா என்ற நெல் வகையின் ரகங்கள் சிலவற்றில்தான் உண்டு என்பதால், உங்கள் சாகுபடிப் பெற்றோர் மற்றொரு வகையான இண்டிகாவாக இருந்தால் அது பெரும்பாலும் பயன்தராது.