எழும்பூரில் வேலை: வீடு வாங்க கூடுவாஞ்சேரியா, திருநின்றவூரா?

உங்களுக்கு நான் கூடுவாஞ்சேரியைத்தான் சொல்வேன். செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறினால் நேராக எழும்பூரில் இறங்கலாம். திருநின்றவூர் ரயில் சென்ட்ரல் பக்கம் போகிறது. அங்கிருந்து சாலையைக் கடந்து பூங்கா நிலையத்துக்கு நடந்து, இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். தினம் இரண்டு வேளை இது அலுத்துப்போகும்.

ஆனால் ஒன்று: கடற்கரை நிலையத்திலிருந்து வரும் வண்டிகளில் பல கூடுவாஞ்சேரிக்கு முன்னாலேயே தாம்பரத்தோடு நின்றுவிடும். அதனால் வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை காரில் போகாதீர்கள். வேலை நாளில், அலுவலகம் விடும் நேரத்துக்கே எழும்பூரில் ஏறி, நிலையத்திலிருந்து அந்த வீடுவரை நடந்து பாருங்கள். "ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்" என்று தரகர் சொன்ன மனைக்கு நான் 25 நிமிடம் நடந்தேன், பாதி வழி தெருவிளக்கே இல்லை.

அடுத்து தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம் பக்கத்து முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாடு தெரியும்தானே? கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் சுற்றியும் ஏரிகள் நிறைய. தெருவில் பழைய வீடுகளின் மதில் சுவரைப் பாருங்கள், முழங்கால் உயரத்தில் கறைக்கோடு ஓடினால் அது மழைநீர் நின்ற மட்டம். மூலையில் இருக்கும் மளிகைக்கடைக்காரரிடம் கேட்டால் மீதியைச் சொல்வார்.

பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் எல்லாவற்றையும் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள், விற்பவர் கைகாட்டும் வக்கீலிடம் அல்ல. அப்புறம்தான் முன்பணம்.