ஆம்புலன்ஸ் படிப்பு: டிப்ளமாவா, டிகிரியா?

கேள்வி: பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை எனக்கு. மகன் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டான். கணக்கில் சி, அறிவியலில் பி. ஆம்புலன்ஸில் போய் ஆளைக் காப்பாற்றும் வேலைதான் வேண்டும், அதற்கு டிகிரியே இருக்கிறது என்கிறான். ஓர் ஏஜெண்டு வீடு தேடி வந்து, "எஸ்.பி.எம். போதும், நேராக டிகிரி, முன்பணம் ஆயிரம் வெள்ளி" என்கிறார். கட்டலாமா? கோழி அறுத்தாலே பின்கட்டுக்கு ஓடிவிடுகிற பிள்ளை வேறு. தாங்குவானா?

பதில்: முன்பணத்தைக் கட்டாதீர்கள், அம்மா. மற்றதைப் பிறகு பேசலாம்.

எஸ்.பி.எம். முடித்த கையோடு டிகிரியில் உட்கார முடியாது. நடுவில் ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி (ஃபவுண்டேஷன்), டிப்ளமா என்று ஏதாவது ஒரு படி வேண்டும். ஏஜெண்டு "நேராக" என்று சொல்வது பெரும்பாலும் ஒரு வருட அடிப்படைக் கல்வியையும் டிகிரியையும் ஒரே பொட்டலமாகக் கட்டியதுதான். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் கட்டணத்தையும் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேட்பார்கள் என்பதை ஏனோ அந்த முதல் சந்திப்பில் சொல்ல மாட்டார்கள்.

நம் மலேசியாவில் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸில் வந்து இறங்குகிறவர் பெரும்பாலும் உதவி மருத்துவ அதிகாரி. மலாயில் பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான், சுருக்கமாக பி.பி.பி. உங்கள் மாமனார் காலத்தில் எச்.ஏ., அதாவது ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட் என்றிருப்பார்கள், தோட்டத்து ஜனங்களுக்கு அவர் டிரெசர். லயத்து வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பால்மரம் சீவுகிறவருக்குக் கையில் கத்தி பட்டாலும் அவரிடம்தான் ஓடினோம். தோட்டத்து எச்.ஏ.க்களைப் பதிவு செய்ய 1965லேயே சட்டம் வந்துவிட்டது. இன்றைய உதவி மருத்துவ அதிகாரிகளின் பதிவு 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அதாவது 180ஆம் சட்டத்தின் கீழ் நடக்கிறது. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லூரியானாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "இந்தப் படிப்பை முடித்தால் 180ஆம் சட்டத்தின் கீழ் பதிவு கிடைக்குமா?" வாய்ப்பதில் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். அடுத்தது எம்.கியூ.ஏ. என்ற மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம். அதை மகனே கைப்பேசியில் அந்த முகமையின் எம்.கியூ.ஆர். பதிவேட்டைத் திறந்து பார்த்துவிடலாம். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். என்ற உயர்கல்விக் கடனும் கிடைக்காது.

பதிவுக்கு வழக்கமான வழி மூன்று வருட உதவி மருத்துவ அதிகாரி டிப்ளமாதான். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளில் படிக்கலாம். செரம்பானில் இருப்பது பேர்போன பழைய கல்லூரி. தனியாரிலும் உண்டு, செலவுதான் பல மடங்கு. பொதுவாக மலாய், கணக்கு, ஓர் அறிவியல் பாடம் உட்பட ஐந்து கிரெடிட் கேட்பார்கள். சி என்பது கிரெடிட்தான், அதனால் மகனின் கணக்கு மதிப்பெண் கதவை மூடவில்லை. அமைச்சின் கல்லூரியில் இடம் கிடைத்தால் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தை மட்டும் கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள்.

டிகிரி என்று மகன் சொல்வதும் உண்மைதான். தேசியப் பல்கலைக்கழகமான யூ.கே.எம்.மில் அவசர மருத்துவத்தில் இளங்கலைப் படிப்பு இருக்கிறது. அழைப்பு மையத்தை நடத்துவது, பேரிடர் நேரத்தில் ஆட்களை ஒருங்கிணைப்பது, பயிற்சி கொடுப்பது, ஆய்வு என்று மேலே போக அது உதவும். ஆனாலும் என் பிள்ளையாக இருந்தால் முதலில் டிப்ளமா எடுத்துப் பதிவு வாங்கு, நாலைந்து வருடம் வண்டியில் ஓடு, பிறகு டிகிரிக்குப் போ என்பேன். கையில் பதிவு இருந்தால் பிழைப்புக்கு வழி இருக்கும், டிகிரி எங்கும் ஓடிப்போகாது. எஸ்.டி.பி.எம்.மில் நல்ல மதிப்பெண் எடுக்கும் தெம்பு இருந்தால் நேரே டிகிரிக்குப் போவதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த 'சி'க்குத் திரும்ப வருகிறேன். சேர்வதற்கு அது போதும், படிப்பதற்குப் போதாது. ஓர் உதாரணம். செம்பனை மட்டைக்குள் கூடு கட்டிய குளவி கொட்டி, முகம் வீங்கி, மூச்சுத் திணறுகிற ஆளுக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். இதயம் நின்றுபோனவருக்கு அதே மருந்து 1 மில்லிகிராம், ரத்தக்குழாயில், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. ஒரு குப்பியில் 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் இருக்கும். இன்னொன்றில் 10 மில்லிலிட்டரில்தான் அதே 1 மில்லிகிராம். விடியற்காலை மூன்று மணிக்கு, செம்மண் சாலையில் குதிக்கிற வண்டியில், இந்த இரண்டையும் குழப்பாமல் ஊசியில் ஏற்ற வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பின்னம், தசமம், விகிதம் மூன்றையும் இந்த விடுமுறையிலேயே மகன் திரும்பப் போட்டுப் பார்க்கட்டும். பாடங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், அதற்கும் இப்போதே பழகிக்கொள்ளட்டும்.

மற்றபடி உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல், இ.சி.ஜி. படிக்கத் தெரிவது, காயக் கட்டு. இதயம் நின்றவரை மீட்கப் பழக, பொம்மையின் நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துவது. இரண்டு நிமிடம் செய்து பார்க்கச் சொல்லுங்கள், சட்டை நனைந்துவிடும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு பலம் உண்டு. எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி, "வாயு பிடிச்சிருக்குய்யா, இஞ்சித் தண்ணி குடிச்சேன், எறங்கல" என்றார். கூட வந்த மூத்தவர் தமிழ் தெரியாதவர். வயிற்று வலி என்று எழுதப் போனார். பாட்டி கையை நெஞ்சுக்குழியில் வைத்திருந்ததும், முகம் வியர்த்திருந்ததும் எனக்கு உறுத்தியது. இ.சி.ஜி. எடுத்தோம். மாரடைப்பு. இதயத்தின் கீழ்ச்சுவரில் வருவது அப்படித்தான், வாயு போலவே நடிக்கும். நம் ஆட்கள் நெஞ்சு வலி என்று சொல்வதே இல்லை. "கரிக்குது", "படபடங்குது", "கிறுகிறுங்குது" என்பார்கள். உங்கள் மகனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறுவடை அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்தாமல் ஆளைத் தொடக்கூடாது. நாகம் கண்ணில் துப்பினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பாம்பு கடித்த காலை இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. வகுப்பில் மற்றவர்கள் படத்தில் பார்ப்பதை இவன் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்திருப்பான்.

கல்லூரி கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், பூலான் சாபிட் மேரா என்ற செம்பிறைச் சங்கம், ஏ.பி.எம். என்ற பொதுத் தற்காப்புப் படை, மூன்றிலுமே தொண்டர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் முதலுதவிக் கூடாரத்தில் ஓர் இரவு நின்று பார்க்கட்டும். வெயிலில் சுருண்டு விழுகிறவர், காலில் ஆணி ஏறியவர், கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய் எல்லாரும் வருவார்கள். மறுநாள் காலையிலும் இந்த வேலைதான் வேண்டும் என்று சொன்னால் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

கோழி விஷயம். என் முதல் பயிற்சி வாரத்தில், ஓர் அவசரப் பிரிவில், முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்த ஒருவரைப் பார்த்துவிட்டுக் கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தவன் நான். திரும்பி வந்தபோது தாதி ஒருவர் ஒன்றும் கேட்காமல் கட்டுத்துணியைக் கையில் கொடுத்து, "இந்தப் பக்கம் பிடி" என்றார். பிடித்தேன். கையில் வேலை இருந்தால் தலை சுற்றாது. அடுத்த தடவை கோழி அறுக்கும்போது அவனைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, இறகு பறிக்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.